பூக்களுக்கான அறையில் ஒரு நோயாளி

அமெரிக்க நாட்டின் ஒகாயோ மாநிலத்தில், டயர் ஆலைகளால் பெயர்பெற்ற ஆக்ரன் என்னும் நகரம் உண்டு. 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், அந்நகரின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்க்கும் பொறுப்பிலிருந்த அருட்சகோதரி இக்னேஷியா, புதிதாக வந்த ஒருவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதினார். நோய் என்ன என்ற கட்டத்தில் ‘கடும் இரைப்பை அழற்சி’ என்று குறித்தார். வந்தவரின் இரைப்பை புண்பட்டிருந்தது உண்மையே. ஆயினும் அவர் அங்கு வந்தது அதற்காக அன்று. அவர் ஒரு குடிநோயாளி. குடியை நோய் என எழுதினால் படுக்கை கிடைக்காது என்பதனால் அச்சகோதரி இரைப்பையை எழுதினார். உண்மையின் ஒரு பகுதியை மட்டும் சொல்லி மறுபகுதியை மனத்தில் வைத்துக்கொள்வது பற்றி அறநெறி இறையியலார் பக்கம் பக்கமாக விவாதித்திருக்கின்றனர். அவர்களுள் எவரும் இந்தச் சகோதரியைக் கடிந்திருக்க மாட்டார் என்றே நாம் நம்புகிறோம்.

அந்த நோயாளியை அழைத்து வந்தவர் மருத்துவர் இராபர்ட் ஸ்மித். ‘டாக்டர் பாப்’ என்று இன்று உலகெங்கும் அறியப்படுபவர். அவரும் முன்னாள் குடிநோயாளியே. மற்ற நோயாளிகளோடு இருந்தால் இவரைப் பார்க்க வருவோர் மனம்விட்டுப் பேச இயலாது என்று மறுநாள் அவர் தனியிடம் கேட்டார். தனியறை ஏதும் காலியில்லை. நோயாளிகளுக்கு வரும் பூக்களைச் சீர்செய்து வைக்கும் சிறு அறை ஒன்று இருந்தது. அதற்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய் வைத்தார் சகோதரி. கத்தோலிக்க மருத்துவமனை ஒன்றில் குடிநோயாளர்க்கென நிலையாக ஏற்பட்ட பணி அந்தப் பூ அறையிலிருந்தே தொடங்கியது.

ஏன் அந்நாளில் அவர்களை எவரும் சேர்த்துக்கொள்ளவில்லை? உடல் மருத்துவமனைகள், இது ஒழுக்கக் கேடு, நோயன்று என்றன. கூச்சலிடுவார்கள், கட்டிலைவிட்டு எழுந்து நடைக்கூடத்தில் ஓடுவார்கள், பணமும் செலுத்த மாட்டார்கள் என்ற காரணங்களும் இருந்தன. மனநல மருத்துவமனைகளோ, இவர்கள் பித்தர் அல்லர், குடி தெளிந்தால் சரியாகிவிடுவார்கள் என்றன. வேறு வழியின்றிச் சேர்த்தாலும் பூட்டிய கதவுக்குப் பின்னால் வைத்தன. மீதி இருந்தது சிறைச்சாலை.

நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் நகரில் 1864-இல் ஒரு பெரிய இல்லம் திறக்கப்பட்டது. குடியை ஒரு நோயாகக் கருதிச் சிகிச்சை தருவதற்கென்றே எழுந்த கட்டடம் அது. அரண்மனை போன்ற அந்தக் கட்டடத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்குள் அரசு கைவிட்டது. முயற்சி தோற்றதாக 1879-இல் முடிவு கட்டியது. 1881 முதல் அதே கட்டடம் நாட்பட்ட மனநோயாளர்க்கான விடுதியாயிற்று. குடிநோயாளர் வெளியே போயினர், மனநோயாளர் உள்ளே வந்தனர். இரு நோயும் ஒரே உடலில் இருந்தவர் அன்று எந்தப் பக்கம் போயிருப்பார் என்பதை எந்த ஆவணமும் சொல்லவில்லை. அப்படி ஒருவர் இருக்கக்கூடும் என்ற எண்ணமே ஆவணம் எழுதியோர்க்கு எழவில்லை போலும்.

அருட்சகோதரி இக்னேஷியாவின் கதைக்குத் திரும்புவோம். அயர்லாந்தின் மேயோ பகுதியில் 1889-இல் பிறந்தவர். ஏழு வயதில் பெற்றோருடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். 1914-இல் புனித அகுஸ்தினாரின் பிறரன்புச் சகோதரிகள் சபையில் சேர்ந்து, பல ஆண்டுகள் இசை கற்பித்தார். அந்த வேலையே அவரை முறித்தது. 1933-இல் வயிற்றில் குருதி கசிய, நரம்புகள் தளர, உடலும் மனமும் ஒருசேரக் குலைந்து படுக்கையில் விழுந்தார். இசைப்பணியை விட்டுவிட வேண்டுமென மருத்துவர்கள் சொல்லிவிட்டனர். இனி இவருக்கு எளிய வேலை போதும் என்று கருதிய சபைத்தலைமை, புதிதாகத் தொடங்கியிருந்த ஆக்ரன் மருத்துவமனையில் பெயர் பதியும் மேசைக்கு அவரை அனுப்பிற்று.

ஆக, அந்த மேசையின் இந்தப் பக்கம் இருந்தவரும் ஒருமுறை உடைந்தவரே. அவருடைய வரலாற்றை எழுதுவோர் இதனைப் போகிற போக்கில் குறிப்பிட்டுவிட்டு மேலே செல்கின்றனர். நமக்கோ இதுவே மையமாகத் தோன்றுகிறது. மனம் குலைந்து கிடந்த நாள்களில் தமக்கு எவ்வகைப் பேச்சு ஆறுதல் தந்தது, எவ்வகைப் பேச்சு மேலும் நசுக்கியது என்பதை அவர் அறிந்திருந்தார். பூ அறை சில ஆண்டுகளில் முழு விடுதியாக வளர்ந்தபோது அது சிற்றாலயத்தை ஒட்டியே அமைந்தது. நோயாளர் மருத்துவமனை அங்கியோடே எழுந்துபோய் நற்கருணைமுன் அமரலாம். விடைபெறும்போது ஒவ்வொருவர் கையிலும் திரு இருதயப் பதக்கம் ஒன்றைக் கொடுப்பார். மீண்டும் குடிக்க முடிவு செய்தால், முதல் கோப்பையைத் தொடுமுன் இதைக் கொண்டுவந்து என்னிடம் திருப்பித் தாருங்கள் என்பார். அவர் சத்தியம் வாங்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். டாக்டர் பாப் 1950-இல் இறக்கும்வரை இருவருமாக ஏறத்தாழ 5,000 பேருக்குப் பணி செய்தனர். 1952-இல் கிளீவ்லாந்துக்கு மாற்றப்பட்ட சகோதரி, அங்கும் அதே பணியைத் தொடர்ந்து 1966-இல் காலமானார்.

டாக்டர் பாபுடன் சேர்ந்து ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கத்தைத் தோற்றுவித்தவர் பில் வில்சன். நியூயார்க்கில் பங்குச்சந்தைத் தொழில் பார்த்தவர். அவருடைய வாழ்வில் நமது பொருள் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது.

பில்லுக்குப் பத்து வயதாயிருக்கையில் பெற்றோர் பிரிந்தனர். பதினேழாம் வயதில், அவர் நேசித்த பெண் அறுவைச் சிகிச்சையின் பின் இறந்துபோனார். அதன்பின் நெடுங்காலம் இளைஞரை மனச்சோர்வு பற்றிக்கொண்டது. குடி அதற்குப் பிறகுதான் வந்தது. 1917-இல், படையில் சேர்ந்த பின். முதல் கோப்பையிலேயே, அதுவரை மனிதர்களுக்கும் தமக்கும் நடுவே இருந்த சுவர் கரைந்தது போல உணர்ந்ததாகப் பின்னாளில் எழுதினார். 1934 டிசம்பரில், நியூயார்க்கில் ஒரு மருத்துவமனைப் படுக்கையில், தம்மை ஓர் ஒளி சூழ்ந்ததாக அவர் உணர்ந்த அனுபவத்தோடு குடி நின்றது. அடுத்த ஆண்டு ஆக்ரனில் டாக்டர் பாபைச் சந்தித்தார். 1939-இல் பன்னிரு படிகளை விளக்கும் நூல் வெளிவந்தது. இவ்வளவும் பலர் அறிந்ததே.

பலர் அறியாதது 1944-க்குப் பிறகு நடந்தது. ஒரு சொட்டு மதுவும் தொடாத அந்த மனிதரை மனச்சோர்வு மீண்டும் வந்து பிடித்தது. ஏறக்குறைய 1955 வரை விட்டுவிட்டு வாட்டியது. ஆயிரக்கணக்கானோர்க்கு வழிகாட்டிய அவர், அலுவலகத்திற்கு வந்து தலையைச் சாய்த்து அழுத நாள்கள் உண்டு. மனநல மருத்துவர் ஹாரி டீபோவிடம் சிகிச்சை பெற்றார். இயக்கத்தினுள்ளேயே இதை விரும்பாதோர் இருந்தனர். படிகளை ஒழுங்காகப் பின்பற்றினால் இவருக்கு ஏன் மனச்சோர்வு வருகிறது என்று கேட்டனர். செபம் ஒழுங்காகச் செய்தால் உனக்கு ஏன் இந்த நோய் என்று நம் பங்குகளில் கேட்போர்க்கும் இவர்களுக்கும் உறவுமுறை மிக நெருக்கம்.

இவ்விடத்தில் ஒரு குரு நுழைகிறார். 1940-ஆம் ஆண்டின் இறுதியில், மழை கொட்டிய ஓர் இரவு, நியூயார்க்கில் இயக்கத்தினர் கூடும் சிறு கட்டடத்தின் மாடியறையில் பில் வில்சன் சோர்ந்து படுத்திருந்தார். யாரோ ஒருவர் கைத்தடி ஊன்றிப் படியேறி வந்தார். இன்னொரு குடிகாரன் என்று நினைத்தாராம் பில். மேலங்கியைக் கழற்றிய பிறகே குருத்துவக் கழுத்துப்பட்டி தெரிந்தது. வந்தவர் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த இயேசு சபைக் குரு எட்வர்டு டௌலிங். மூட்டுவாதத்தால் முதுகு கல்லாய் இறுகிப்போன மனிதர். பன்னிரு படிகளுக்கும் புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகளுக்கும் உள்ள ஒற்றுமை கண்டு வியந்து பார்க்க வந்திருந்தார். பில் அந்நூலைப் பற்றி எதுவும் அறியாதவர். அன்றிரவு தொடங்கிய நட்பு, 1960 ஏப்ரலில் டௌலிங் அடிகளார் இறக்கும்வரை இருபது ஆண்டுகள் நீடித்தது. பில் கத்தோலிக்கர் ஆகவில்லை. அது அந்த நட்புக்குத் தடையாகவும் இல்லை.

டௌலிங் அடிகளார் குடிநோயாளி அல்லர். ஆனால் உணவிலும் புகையிலும் தமக்கிருந்த அடிமைத்தனத்தை அவர் அறிந்திருந்தார். அவரிடம் நாம் மிகவும் மதிப்பது வேறொன்று. சிகாகோவில் ஆபிரகாம் லோ என்னும் மனநல மருத்துவர், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனநோயாளர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்பதற்காக 1937-இல் ‘ரிக்கவரி’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். குடிநோயாளருக்குத் துணைநின்ற அதே டௌலிங் அடிகளார் இந்த அமைப்பையும் ஆதரித்துப் பரப்பினார். இரு கதவுகளிலும் ஒரே மனிதர் நின்றார். பில்லின் மனச்சோர்வை அவர் விசுவாசக் குறைவு என்று சொல்லவில்லை. மருத்துவரிடம் போகாதே என்றும் சொல்லவில்லை. கடிதம் எழுதினார், காத்திருந்தார், ஆவிகளைத் தேர்ந்து தெளியும் இஞ்ஞாசியாரின் நெறிகளை எடுத்துக்காட்டினார்.

இதை எழுதும்போது நம் கை சற்றுத் தயங்குகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் தச்சுவேலை செய்யும் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நன்றாகக் குடிப்பார். தவக்காலத் தியானத்தின் கடைசி நாள், திருச்சிலுவைமேல் கைவைத்துக் குடியைவிடச் சத்தியம் செய்வோரை முன்னே அழைத்தோம். இறைவன் ஒருவரையே நம்புங்கள், வேறு எதையும் நம்ப வேண்டாம் என்று நாம்தாம் பேசினோம். அவர் முன்னே வந்தார். சட்டைப்பையிலிருந்து புகையிலைப் பொட்டலத்தை எடுத்துச் சிலுவையடியில் வைத்தார். அதனோடு ஒரு மாத்திரை அட்டையையும் வைத்தார். கூட்டம் கைதட்டியது. நாமும் மகிழ்ந்தோம்.

அந்த மாத்திரைகள் எதற்கென்று நாம் கேட்கவில்லை. அவருடைய காதில் ஆண்டுக்கணக்கில் குரல்கள் கேட்டுவந்தன என்பதும், அந்தக் குரல்களை அமுக்குவதற்காகவே குடிக்கத் தொடங்கினார் என்பதும், அரசு மருத்துவமனை மாத்திரைகளால் ஓரளவு தெளிந்து வந்தார் என்பதும் அவருடைய தாய் பின்னர் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. சத்தியத்தை அவர் காத்தார். குடிக்கவில்லை, மாத்திரையும் உண்ணவில்லை. நான்காம் மாதம் ஓர் இரவு வீட்டைவிட்டு நடந்தவர் எங்கு போனார் என்பது தெரியவில்லை.

பிற்பாடு படித்தபோது அறிந்தோம்: நாம் செய்த இதே தவற்றை அமெரிக்காவிலும் பலர் செய்திருந்தனர். நல்ல எண்ணங்கொண்ட ஏ.ஏ. உறுப்பினர் சிலர், மாத்திரையும் ஒரு போதையே, தூக்கி எறி என்று புதியவர்க்கு அறிவுரை கூறினர். இருமுனை மனநோய்க்கு லித்தியம் உண்டவர்களும் இவர்களுள் அடங்குவர். அதன் விளைவுகளில் தற்கொலைகளும் இருந்தன. ஆகவே 1984-இல் அவ்வியக்கமே, தன் உறுப்பினராயிருந்த மருத்துவர்களைக் கொண்டு ஒரு சிற்றேடு வெளியிட்டது. மருந்து விடயத்தில் எந்த உறுப்பினரும் மருத்துவராக நடிக்கக் கூடாது என்பதே அதன் சாரம். மாத்திரைகளுள் அடிமைப்படுத்துவனவும் உண்டு என்பதை அது மறைக்கவில்லை. டாக்டர் பாபே குடிக்கும் காலத்தில் கைநடுக்கத்திற்காகத் தூக்க மருந்துகளை அளவுமீறி உண்டவர்தான். எந்த மருந்து எப்படிப்பட்டது என்று பிரித்தறிவது மருத்துவரின் வேலை. பீடத்தின்முன் நின்று பேசுவோரின் வேலையன்று.

இதற்கிடையில் மனநோயாளர் நிலையும் மாறியிருந்தது. 1954 முதல் அமெரிக்காவில் புதிய மருந்துகள் புழக்கத்திற்கு வந்தன. 1963 அக்டோபர் இறுதியில் குடியரசுத் தலைவர் கென்னடி ஒரு சட்டத்தில் கையொப்பமிட்டார்: மனநோயாளரைப் பெரிய விடுதிகளில் அடைக்காமல் ஊர்தோறும் சிறு மையங்களில் பேணவேண்டும் என்பது நோக்கம். மூளை அறுவையால் வாழ்விழந்த ஒரு தங்கை அவருக்கு இருந்தார் என்பதை நினைக்கையில் அந்தக் கையொப்பம் வெறும் அரசியலாகத் தோன்றவில்லை. ஆனால் அடுத்த மாதமே அவர் சுடப்பட்டு இறந்தார். விடுதிகள் காலியாயின, வாக்களித்த மையங்களுள் பல எழவேயில்லை. 1955-இல் ஐந்தரை இலட்சத்திற்கு மேலாயிருந்த விடுதி நோயாளர் தொகை 1994-இல் 72,000 அளவுக்குக் குறைந்தது. வெளியே வந்தவர்கள் தெருவில் இறங்கினர். தெருவில் மதுவும் இருந்தது, கஞ்சாவும் இருந்தது, பின்னர் அவற்றினும் கொடியவையும் இருந்தன. விடுதிக்குள் இருந்தபோதும் அவர்கள் போதைக்கு முற்றும் புறம்பாக இருந்துவிடவில்லை. சொன்னபடி நடந்தால் ஒரு சிகரெட் எனப் பரிசளித்துப் பழக்கியவை அந்த விடுதிகள்தாமே.

அரசோ குடிக்கென ஒரு நிறுவனம் 1970-இலும், போதைப்பொருளுக்கென மற்றொன்று 1974-இலும் தொடங்கியது. மனநலத்திற்கு முன்பே ஒன்று இருந்தது. மூன்று அலுவலகம், மூன்று நிதி, மூன்று வகை ஊழியர். குரல் கேட்கும் ஒருவர் குடித்துவிட்டு மனநலப் பிரிவுக்குப் போனால், முதலில் குடியை நிறுத்திவிட்டு வா என்றார்கள். குடிநோய்ப் பிரிவுக்குப் போனால், முதலில் மனநோயைச் சரிசெய்துகொண்டு வா என்றார்கள். அவர் இரண்டுக்கும் நடுவே இருந்த நடைபாதையில் படுத்துக்கொண்டார்.

இத்தகையோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் என்றே பலகாலம் நினைத்தனர். 1990-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, 20,291 அமெரிக்கரிடம் விசாரித்த விவரங்களைக் கொண்டு அந்நினைப்பைக் கலைத்தது. மனச்சிதைவு நோயாளருள் 47 விழுக்காட்டினர், இருமுனை மனநோயாளருள் 56 விழுக்காட்டினர், வாழ்வில் ஏதேனும் ஒரு காலத்தில் மதுவுக்கோ போதைப்பொருளுக்கோ ஆட்பட்டிருந்தனர். ஏன் என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்த கருத்தினர் அல்லர். தம் வேதனைக்குத் தாமே செய்துகொள்ளும் மருத்துவம் என்று 1985-இல் எட்வர்டு கன்ட்சியன் எழுதினார். அது முழு விளக்கமாகாது. வறுமை, தனிமை, மூளையின் அமைப்பு ஆகியவற்றையும் பிறர் சுட்டுகின்றனர். மது அந்த வேதனையைக் கடைசியில் கூட்டவே செய்கிறது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

ஏறத்தாழ அதே காலத்தில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இராபர்ட் டிரேக் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும், இரு நோயையும் ஒரே குழு, ஒரே கூரையின்கீழ், ஒரே காலத்தில் கவனிக்க வேண்டும் எனச் செய்து காட்டத் தொடங்கினர். உடனே நிறுத்து என்று தொடங்காமல் முதலில் நட்பை உண்டாக்குவார்கள். தங்க இடம் தேடித் தருவார்கள். வீழ்ந்தால் வெளியே தள்ளமாட்டார்கள். மாதங்களை அல்ல, ஆண்டுகளைக் கணக்கில் வைப்பார்கள். இதைப் படித்தபோது நமக்கு அந்தப் பூ அறைதான் நினைவுக்கு வந்தது.

நாம் குருமடத்தில் பயின்ற அறநெறி நூலிலும் இரு கதவுகள் இருந்தன. குடிவெறி, ‘அளவறிந்து நடத்தல்’ என்னும் நற்பண்புக்கு எதிரான பாவங்களின் வரிசையில் ஓர் அதிகாரத்தில் இருந்தது. மனநோய், மனித விருப்பச் செயலுக்குத் தடைகள் என்னும் அதிகாரத்தில், நூறு பக்கம் தள்ளி இருந்தது. இரண்டையும் ஒருவரிடம் சேர்த்துப் பார்க்க எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. பழக்கமும் உளவியல் காரணங்களும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கவோ முற்றிலும் நீக்கவோ கூடும் என்று 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1735-ஆம் எண்ணில் கூறுகிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் அமரும் குருக்கள் அந்த எண்ணை எத்தனை முறை திறந்து பார்க்கிறோம்?

சீன நாட்டு மருத்துவர் மாற்கு ஜி தியன்சியாங், வயிற்று நோய்க்காக அபினி உண்ணத் தொடங்கி அதற்கு அடிமையானவர். மனம் திருந்தவில்லை என்று கருதிய குரு அவருக்குப் பாவமன்னிப்பு மறுத்தார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நற்கருணை இன்றியே அவர் ஆலயத்திற்கு வந்துகொண்டிருந்தார். 1900-இல், பாக்சர் கலகத்தில் குடும்பத்தோடு மறைச்சாட்சியாக இறந்தார். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அபினியை விட்டவர் என்று அவரைப் பற்றி யாராலும் சொல்ல முடியவில்லை.

நம் நாட்டில் 2017-இல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்னும் சொல்லுக்குள் அடக்குகிறது. சட்டத்தின் ஏட்டில் இரு கதவுகளும் ஒன்றாகிவிட்டன. பங்குகளின் நிலையை வாசகர்கள் அறிவார்கள். மதுவிலக்குப் பேரணிக்கு நாம் பதாகை எழுதுகிறோம். மனம் பேதலித்தவரைத் திருத்தலத்திற்கு அனுப்பிவைக்கிறோம். பேரணியில் நடக்கவும் இயலாமல் திருத்தலத்தில் தங்கவும் இயலாமல் இருப்பவர் யார் வீட்டில் இருக்கிறார் என்று அன்பியக் கூட்டங்களில் கேட்பதில்லை.

அந்தத் தச்சரின் தாய் இன்றும் உயிரோடிருக்கிறார். நாம் எந்தப் பங்குக்கு மாற்றப்பட்டாலும் எப்படியோ விசாரித்துக்கொண்டு, மகன் பிறந்த மாதத்தில் பேருந்து ஏறி வந்துவிடுவார். திருப்பலிக் கருத்துக்குரிய காணிக்கையைச் சேலைத்தலைப்பில் முடிந்து வைத்திருப்பார். முதல் ஆண்டு, நடந்ததில் நம் பங்கைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் நம் முகத்தைப் பார்க்காமல், “அவனும் மாத்திரைக்குச் சலிச்சிருந்தான் சாமி” என்றார். பிறகு நாம் குறிப்பேட்டில் பெயர் எழுதுகையில் அருகே வந்து நின்று, எந்தப் பத்தியில் எழுதுகிறோம் என்று பார்த்தார். உயிரோடிருப்போர் பத்தியில் எழுதச் சொன்னார். ஒவ்வோர் ஆண்டும் அவ்வாறே நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்.